உந்தக் குளிசை ஆர் தந்தது?

தம்பி, போன ஞாயிறு அம்மெருட் கோயில்ல உன்னைப் பார்த்தன். மூண்டாவது சுத்தில நொண்டத் தொடங்கினாய். கை மெதுவா ஜக்கெற் பொக்கெற்றுக்குள்ள போச்சு. குளிசை ஒண்டை எடுத்துத் தீர்த்தம் குடிக்கிறமாதிரி அண்ணாந்து விழுங்கினாய். ஆறு மாதத்துக்கு முதல் நெஞ்சுக்குள்ள ஸ்ரென்ற் வைச்ச ஆளல்லோ நீ?

"என்ன குளிசை?" எண்டு கேட்டன். "மாமி கொழும்பால கொண்டு வந்தது அண்ணை, நோ உடன நிக்கும்" எண்டாய். பேரைக் கேட்க, "மஞ்சள் குளிசை" எண்டாய். நல்லது. சீட்டுப் பிடிக்க வாறவன்ர ஊர், தேப்பன் பேர், மச்சான் எந்த நாட்டில எண்டெல்லாம் விசாரிச்சுத்தான் நீ காசைக் குடுப்பாய். வயித்துக்குள்ள போறவனை மட்டும் நிறத்தைப் பார்த்தே உள்ள விட்டிட்டாய்.

பிழை உன்னில மட்டுமில்லை. 2003 நவம்பர் வரைக்கும் இஞ்ச நோர்வேயில நோக் குளிசை வாங்கப் பாமசிக்குத்தான் போகவேணும். பிறகு கிவி, ரேமா சுப்பர்மாக்கற்றுகளிலயும் பரசெற், இபுக்ஸ் (இபுப்ரோஃபென்) விக்கத் தொடங்கிச்சினம். 18 வயசு ஆகாத பெடியனுக்குக் குடுக்காயினம். 58 வயசான உன்னட்டை ஒரு கேள்வியும் கேளாயினம். அந்த வயசுக்குப் புத்தி வந்திருக்கும் எண்டு நோர்வேக்காரன் நம்பிறான். வெள்ளை மனசு.

ஸ்ரென்ற் அடைபடாமல் இருக்க டொக்டர் தந்த 75 மில்லிகிராம் அல்பில், அதுதான் அஸ்பிரின், எப்பிடி வேலை செய்யுது எண்டு தெரியுமோ? வெஸ்லி போற ரெயினை நினைச்சுக்கொள். ரத்தத்தில குருதித் தட்டுகள் எண்டு இருக்கு, அதுகளுக்குள்ள ஒரு கதிரை. அஸ்பிரின் ஓடி வந்து அதில இருந்து, கதிரையையே பூட்டிப்போடும். அந்தத் தட்டு சாகுமட்டும், ஏழு பத்து நாளைக்கு, ஒட்டிக் கட்டியாகாது. ஆனால் அஸ்பிரின் ரத்தத்தில கனநேரம் நிக்கிற ஆளில்லை. கால் மணித்தியாலத்தில பாதி கரைஞ்சுபோம். நீ காலமை முதல் இபுக்ஸைப் போட்டால் அது கதிரையில சாஞ்சு நித்திரை. அஸ்பிரின் வந்து பார்க்கும், இடமில்லை, அடுத்த ஸ்ரேசனில இறங்கிப் போயிடும். பிறகு இபுக்ஸும் எழும்பிப் போம். கதிரை வெறுமை, பூட்டினவர் ஒருத்தருமில்லை. இதை வைச்சுக்கொண்டு அல்பிலை நிறுத்திப்போடாதை. நிறுத்தவேண்டியது மற்றதை.

மரேவன், எலிக்விஸ் எண்டு ரத்தத்தை இளக்கிற குளிசை எடுக்கிற ஆக்களுக்கு இபுக்ஸ் இன்னும் பொல்லாதது. வயித்துக்குள்ள சத்தமில்லாமல் ரத்தம் கசியும். மலம் தார் மாதிரிக் கறுப்பாப் போகத்தான் விளங்கும். மரேவன்காரர் முதுகில தேய்க்கிற களிம்பையும் பார்க்கவேணும். மூக்கில ஏறுற அந்த வின்ரர்கிரீன் மணத்துக்குக் காரணமான மெதைல் சலிசிலேற் தோலால உள்ள போய் ரத்தத்தை இன்னும் இளக்கும்.

என்னைப் பெரிய புத்திசாலி எண்டு நினையாதை. ஃபின்மார்க்கில மீன் ஃபக்டரிக் குளிரில நிண்டு தேய்ஞ்ச முழங்கால் எனக்கும் இருக்கு. ராமிப்ரில் எண்ட பிறஷர்க் குளிசையும் மூத்திரக் குளிசையும் எடுத்துக்கொண்டு, ஒருத்தருக்கும் சொல்லாமல் ஒரு கிழமை இபுக்ஸ் போட்டன். முழங்கால் பறந்துது. ஒரு பின்னேரம் சொக்ஸைக் கழட்டினன், கணுக்காலில கயிறு கட்டி அவிழ்த்தமாதிரிப் பள்ளம். விரலால அமத்தினால் குழி மேல வரவில்லை. மூண்டு நாளில ரண்டு கிலோ கூடியிருந்துது. மனிசி தன்ர சோறு பிடிச்சிட்டுது எண்டு சந்தோசப்பட்டாள். அது சோறில்லை, தண்ணி. இபுக்ஸ் உப்பையும் தண்ணியையும் உடம்பில மறிச்சு வைக்கும். மற்ற ரண்டு குளிசையோடையும் சேர்ந்தால் சிறுநீரகத்தின்ர கழுத்தையும் நெரிக்கும். நப்ரொக்சன், டைக்லோஃபெனக் எல்லாம் அதே குடும்பம். மாமியின்ர மஞ்சளும் அங்கத்தைப் பிள்ளையாத்தான் இருக்கும்.

"அப்ப நோவைத் தாங்கிக்கொண்டு இருக்கிறதோ?" எண்டு முறைக்காதை. உன்னைப்போல ஆக்களுக்கு முதல் பரசெற்றமோல்தான். 500 மில்லிகிராம் குளிசை ஒரு நாளைக்கு எட்டு, அதுக்கு மேல கூடாது. ஈரல் பழுதெண்டால், இல்லை பின்னேரத்தில 'கொஞ்சம்' எடுக்கிற ஆளெண்டால், அதிலயும் குறைவு. எதெண்டு நான் கேக்கேல்லை. பரசெற்றும், பிநெக்ஸும், ஊர்ப் பனடோலும் ஒரே மாப்பிள்ளைதான், பேர்தான் மூண்டு. மூண்டு பேரையும் ஒரே நாளில வீட்டுக்குக் கூப்பிடாதை. தண்ணியில நுரைக்கிற குளிசையும் வேண்டாம். ஒண்டுக்குள்ள ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம். சோத்தில உப்பைக் குறைச்சிட்டுக் குளிசையில குடிக்கிறதோ? பரசெற்றமோலை மாதக்கணக்கில போடுற எண்ணமிருந்தால் டொக்டரட்டைச் சொல்லு. 2022இல வெளிவந்த எடின்பரோ ஆய்வில, பிறஷர்காரர் ரண்டு கிழமை நாளுக்கு 4 கிராம் எடுக்க, மேல் பிறஷர் ஏறக்குறைய 5 புள்ளி ஏறியிருக்கு. மரேவன்காரர் நாள்தோறும் எடுத்தால் ரத்தத்தையும் அடிக்கடி சோதிக்கவேணும்.

"டொக்டரின்ர கொம்பியூட்டரில எல்லாம் இருக்குத்தானே" எண்டு நீ சொல்லுறது எனக்குக் கேக்குது. இருக்கு. பாமசியில மருந்துச் சீட்டுக்கு எடுத்ததெல்லாம் இருக்கு. கிவியில வாங்கினது அதிலயில்லை. மாமியின்ர சூட்கேஸும் அதிலயில்லை.

நெஞ்சு இறுக்கினால் எனக்கு அடியாதை, 113க்கு அடி. மற்றபடி நாளைக்கே மஞ்சள் குளிசையை ஒரு பையில போட்டுக் கொண்டு, உன்ர இருதயக் குளிசை எல்லாத்தையும் சேர்த்துப் பாமசிக்குப் போய் மேசையில கொட்டு. எது எதோட ஒத்துவராது எண்டு அவை பார்த்துச் சொல்லுவினம். மிஞ்சின பழைய மருந்தை அவையே வாங்கி அழிப்பினம், காசும் கேளாயினம்.