சுறாவின் வாயைக் கட்டினவர்

மன்னார்ச் சரித்திரம் எழுதினவர்கள் எல்லாரும் குனிந்தபடியே எழுதியிருக்கிறார்கள். கடலின் அடியில் சிப்பி, சிப்பிக்குள் முத்து, முத்துக்கு எவ்வளவு வரி, அந்த வரி யாருடைய பெட்டிக்குள் போனது. அண்ணாந்து பனையின் வட்டைப் பார்த்தவர் ஒருவரும் புத்தகம் எழுதவில்லை. பார்த்தவருக்கு அதன்பிறகு பேனா நேராக ஓடியிராது. விடுபட்டுப்போன அந்த மேற்பாதியை நான் சொல்கிறேன்.

அராபியரில் தொடங்குவோம். மன்னார்த் தீவில் கழுதையைக் கொண்டுவந்து இறக்கியவர்கள் அவர்கள்தான் என்பார்கள். பள்ளிமுனையில் தொந்தி தள்ளி நிற்கும் பெருக்கமரத்தையும் அவர்கள் கணக்கில்தான் எழுதுவார்கள். கூடவே ஒரு சொல்லும் அவர்களுடையது: அரக். அரபியில் வியர்வை என்று பொருள். காய்ச்சும்போது ஆவி குளிர்ந்து சொட்டுச் சொட்டாக வேர்த்து விழுவதால் வந்த பெயர், போகப்போகக் கீழைத்தேசத்துச் சாராயம் முழுவதற்கும் ஒட்டிக்கொண்டது. சுமக்கக் கழுதை, சாய்ந்துகொள்ள மரம், கூப்பிட ஒரு பெயர். குடிகாரனுக்கு வேண்டிய சகலத்தையும் தந்துவிட்டுத் தாங்கள் தொடாமல் போன விருந்தாளிகள் வேறெங்கும் உண்டா தெரியாது.

13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கத்துக் கடலைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ ஒரு உத்தியோகத்தைச் சொல்கிறார். முத்துக் குளிப்பவர்களைச் சுறா கடிக்காதபடி மந்திரம் போட ஆட்கள் இருந்தார்களாம். கூலி, கிடைப்பதில் இருபதில் ஒரு பங்கு. மந்திரம் பகலுக்கு மட்டும்தான் செல்லும். இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்கள், களவாகக் குளிக்க ஒருவனும் துணியக்கூடாது என்று. போலோவுக்கு இது கெட்டிக்காரக் காவல் ஏற்பாடாகத் தெரிந்தது. எனக்கு வேறொன்று தெரிகிறது. அந்தியில்தான் பனையிலிருந்து இரண்டாவது கள்ளுமுட்டி இறங்கும். அதற்குமேல் எந்த உத்தியோகத்தன் வேலையில் நிற்பான்?

1560இல் போர்த்துக்கீசர் கோட்டை கட்டினார்கள். 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். மூன்று பேரும் முத்துக்கு வந்தவர்கள். போர்த்துக்கீசர் விட்டுப்போன நல்ல காரியம், கள்ளுக்கடைக்குத் 'தவறணை' என்ற பெயர். அவர்களுடைய 'தவெர்னா'தான் நம்முடைய வாயில் தவறி விழுந்தது என்பார்கள். தவறுதல் என்ற சொல் பெயருக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டதைத் தமிழின் நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளலாம். ஒல்லாந்தர் கோட்டையைத் திருத்திக் கட்டினார்கள். அவர்களைப் பற்றி இவ்வளவு போதும்.

இனித்தான் நம் கதாநாயகர் வருகிறார். ஆங்கிலேயப் படையின் 19ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த றொபேட் பேர்சிவல், இலங்கையைப் பற்றி 1803இல் ஒரு புத்தகம் போட்டார். அதில் கொண்டச்சிக் குடாவில் நடந்த முத்துக்குளிப்பை விஸ்தாரமாக வர்ணிக்கிறார். போலோ கண்ட உத்தியோகம் ஐந்நூறு வருஷம் கழித்தும் அப்படியே இருக்கிறது. தமிழில் அதற்குக் கடல்கட்டி என்று பெயர். வள்ளங்கள் திரும்பும் மத்தியானம் வரைக்கும் கடல்கட்டி கரையில் நின்று முணுமுணுக்க வேண்டும், உடம்பை முறுக்க வேண்டும், பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது. பட்டால் மந்திரம் பலிக்காது. ஆனால் சில நாட்களில், என்கிறார் பேர்சிவல், இவர்கள் விரதத்தை முறித்துக் கள்ளை ஏற்றிக்கொண்டு, ஜெபத்துக்கு நிற்கவும் முடியாத நிலைக்கு வந்துவிடுவார்கள்.

பேர்சிவலுக்கு இது ஏளனம். ஆனால் பஞ்சாங்கம் தெரிந்தவன் கடல்கட்டியின் பக்கம்தான் நிற்பான். முத்துக்குளிப்பு மாசி, பங்குனியில், கடல் அடங்கிக் கிடக்கும் காலத்தில். பனை பாளை விட்டுச் சுரப்பதும் அதே காலம். ஒரு மனுஷனை வெறும் வயிற்றோடு வெயிலில் நிறுத்தி, பின்னால் பனங்கூடலையும் முன்னால் சுறாவையும் வைத்தால் அவன் எந்தப் பக்கம் திரும்புவான்?

நான் பொறுமை இழப்பது வேறோரிடத்தில். கள்ளு என்பது பனையிலிருந்து காய்ச்சி வடிக்கிற ஒருவகை மது என்று எழுதிவிட்டார் இந்தத் துரை. கடல்கட்டி மன்னித்தாலும் தவறணை மன்னிக்காது. கள்ளை யாரும் வடிப்பதில்லை. தளநாரைக் காலில் மாட்டி ஏறி, பாளையைக் கட்டி, நாள்தோறும் நுனியைச் சீவி, முட்டியைத் தொங்கவிட்டால், மிச்சத்தைப் பனையும் காற்றில் திரியும் நுரைமமும் பார்த்துக்கொள்ளும். முட்டியின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் அது புளிக்காது, கருப்பநீர். தடவாவிட்டால் கள்ளு. ஒரு விரல் சுண்ணாம்பில் இருக்கிறது குழந்தைக்கும் கொடுப்பதற்கும் பெண்சாதிக்கு ஒளிப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

சுவை பார்க்கும் கலையை விஸ்கிக்காரர்தான் கண்டுபிடித்தார்கள் என்று நம்புகிறவர்கள் ஒருநாள் தவறணை வாங்கில் உட்கார வேண்டும். அவர்கள் சிங்கிள் மோல்ட் என்று தலையில் தூக்கி வைப்பதை இங்கே ஒற்றைப்பனைக் கள்ளு என்பார்கள். பல மரத்து முட்டிகளை ஒரே வாளியில் ஊற்றினால் கலப்பு, வாயில் வைக்காமலே முகம் சுளிக்கும். ஆண்பனையா பெண்பனையா என்று ஒரு வழக்கு, காலைக் கள்ளா மாலைக் கள்ளா என்று இன்னொன்று. இரண்டுக்கும் தீர்ப்பு வந்ததேயில்லை, வந்தால் நாளைக்கு எதற்காகக் கூடுவது? அவர்களுக்குத் துலிப் பூ வடிவக் கண்ணாடிக் குவளை. இங்கே பனையோலையில் மடித்த பிளா. இரண்டு கையாலும் ஏந்தி, மிதக்கும் தேனீயை ஊதி ஒதுக்கிவிட்டுத்தான் முதல் மிடறு. மூக்கால் முகர்வது தனியாக எதற்கு, மூக்கே உள்ளேதான் இருக்கிறது.

ஒரேயொரு இடத்தில் அவர்கள் ஜெயித்தார்கள், எழுத்தில். 1494இல் ஸ்கொட்லாந்து அரசரின் கணக்கேட்டில், ஜோன் கோர் என்ற துறவிக்கு 'உயிர்த் தண்ணீர்' காய்ச்ச மோல்ட் கொடுத்த செலவு பதிவாகியிருக்கிறது. அதையே பிறப்புச் சான்றிதழ்போல இன்றைக்கும் நீட்டுகிறார்கள். தவறணையிலும் கணக்குக் கொப்பி உண்டு. ஆனால் கடனுக்குக் குடித்தவர்களின் பெயர்தான் அதில் இருக்கும். அதைக் கொண்டுபோய் எந்த நூதனசாலையில் வைப்பது?

பேர்சிவலுக்கு அரை நூற்றாண்டு பிந்தி எமேர்சன் ரெனன்ட், அரிப்பு என்ற முத்துக்குளிப்புக் கரைக்கு வந்தார். குடியேற்ற நாட்டுச் செயலாளர் என்பதால் பெரிய வரவேற்பு. கடல்கட்டியைக் கூப்பிடுங்கள் என்றார். கடல்கட்டிக்குச் சுகமில்லை. என்ன சுகமில்லை என்று ரெனன்ட் எழுதவில்லை, நானும் ஊகிக்கப்போவதில்லை. பதிலுக்கு ஓர் ஆள் வந்தார். எனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது ஐயா, ஆனால் இன்னாருடைய பிரதிநிதி நான் என்று சுறாக்களுக்குத் தெரியும், மரியாதை கொடுக்கும் என்றார். இலங்கை நிர்வாக சேவையின் உயிர்நாடியை இவ்வளவு சுருக்கமாகச் சொன்னவர் அவருக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அந்தக் கடல்கட்டி கத்தோலிக்கராம். மந்திரத்துக்கு அது ஒரு தடையில்லை, சுறா வேதம் கேட்பதில்லை.

அதே அரிப்பில் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்ய ஒரு மாளிகை கட்டியிருந்தார். கிரேக்க பாணியில் டொரிக் தூண்கள். இந்தக் கரையில் தள்ளாடாமல் நிற்பது ஆங்கிலேயன் ஒருவன்தான் என்று காட்டுவதற்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குக் கடல் அரித்து அரித்து, ஒரு போத்தல் போட்டவரைப்போல விளிம்பில் நிற்கிறது அது.

1906இல் முத்துப் பாரையை ஒரு கம்பனி இருபது வருஷக் குத்தகைக்கு எடுத்தது, வருஷம் 3,10,000 ரூபாய். அந்த வருஷம் மறிச்சுக்கட்டியில் சிப்பி எண்ணும் கொட்டுக்குப் பொறுப்பாக நின்றவர் நிர்வாக சேவையின் இளம் உத்தியோகத்தர் லெனார்ட் வூல்ஃப். அழுகும் சிப்பியின் நாற்றத்தில் பகல் முழுக்க நின்றவர் இரவில் எதைக் குடித்திருந்தாலும் நான் குற்றம் சொல்லமாட்டேன். அடுத்த வருஷத்தோடு சிப்பி காணாமல் போனது. கம்பனியும் போனது. பனை மட்டும் குத்தகைக்குப் போகாமல் சுரந்துகொண்டிருந்தது.

1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. 1948இல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது இந்தக் கப்பலின் இரண்டு முனைக்கும் இரண்டு சட்டம் ஆகிவிட்டது. அந்தக் கரையில் குடித்தால் குற்றம், இந்தக் கரையில் குடித்தால் அரசாங்கத்துக்கு வருமானம். நடுவில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய கடல். 1964 மார்கழிப் புயல் தனுஷ்கோடியை அள்ளிக்கொண்டு போகும்வரை, ஒரே தண்ணீரின் இரண்டு கரையில் ஒரே தாகம் இரண்டு விதமாக விசாரிக்கப்பட்டது.

போன வருஷம் கனடாவிலிருந்து வந்த மருமகன் ஒருவன் மன்னார்த் தீவிலுள்ள பேசாலைக்கு ஒரு போத்தல் கொண்டுவந்தான். லஃப்ராய்க். ஐலா என்ற தீவில் செய்தது. மோல்ட்டைக் காயவைக்கப் புல்கரி எரிப்பார்கள், அதனால் புகை வாடை, கடற்பாசி வாடை, அயடீன் வாடை எல்லாம் வரும் என்று தீவுக்கு வந்து தீவைப் பற்றியே வகுப்பெடுத்தான். பக்கத்து வீட்டு அண்ணை ஐம்பது வருஷப் பிளாக்காரர். குவளையை மூக்கருகே கொண்டுபோனார், எடுத்தார், திரும்பக் கொண்டுபோனார்.

"தம்பி, இது பெரியாஸ்பத்திரியில காயத்துக்குப் பூசுவாங்களே, அதெல்லோ?"

"இல்லை அண்ணை, குடிச்சுப் பாருங்கோ."

குடித்தார். கண்ணை மூடினார். ஒரு கருவாட்டுத் துண்டை வாயில் போட்டார். திரும்பக் குடித்தார். மருமகன் பெருமையோடு, "பத்து வருஷம் மரப்பீப்பாவுக்குள்ள வச்சது அண்ணை" என்றான்.

அண்ணை குவளையைக் கீழே வைத்தார். முகத்தில் உண்மையான இரக்கம்.

"பத்து வருஷமோ? அண்டைக்கே இறக்கின மனுஷனிட்டக் குடிச்சிருக்கலாமே, மோனே."