மொட்டைமாடி மின்வாரியம்

சோலார் சாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தாம்பரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு நகரிலும் இரண்டு தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர். வங்கியிலோ பள்ளியிலோ கணக்குத் தணிக்கையிலோ காலம் தள்ளியவர். மின்சாரத்தோடு அதுவரை அவருக்கு இருந்த உறவு, பில் கட்டுவது மட்டும்தான். இப்போது எதிரே வருகிறவர் "சவுக்கியமா சார்?" என்று கேட்டால், "நேத்து எட்டே முக்கால் யூனிட்" என்பார். சவுக்கியம்தான் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். கல்யாணப் பந்தியில் பாயசம் வரும் நேரத்தில் எழுந்து போய் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பார். மழை வருகிறதோ என்று பக்கத்து இலைக்காரர் பயப்படுவார். மழை இல்லை, வெறும் மேகம். சாருக்குப் பாயசம் தொண்டையில் நிற்க மேகமே போதும்.

எல்லாம் ஒரு மே மாத பில்லில் ஆரம்பித்தது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஒரு கணக்கு. 501 ஆகிவிட்டால் வேறு கணக்கு. தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறாது. நூற்றொன்றாவது யூனிட்டுக்கே ஏறிவிடும். மகன் லீவுக்கு வந்து பகலிலும் ஏசி போட்டுத் தூங்கியதில் கோடு தாண்டியது. நாமாக இருந்தால் மகனை நாலு திட்டு திட்டிவிட்டுப் பணத்தைக் கட்டியிருப்போம். சார் யூடியூப்பைத் திறந்தார்.

மானியம் இருக்கிறதே என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான். 2024 பிப்ரவரியில் வந்த பிஎம் சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் கணக்கில் விழும். ஆனால், பதிவு பெற்ற நிறுவனம்தான் மாட்ட வேண்டும். பேனல் செல் உள்நாட்டில் செய்ததாக இருக்க வேண்டும். ஈபி லைனோடு இணைக்க வேண்டும். முதல் நிபந்தனையிலேயே சார் முறுக்கிக்கொண்டார். "நாலு ஸ்க்ரூ முடுக்க எனக்கு எதுக்கு இன்னொருத்தன்?" என்றார். அந்த ஒவ்வொரு ஸ்க்ரூவும் பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்று அவர் மனைவி கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். வேண்டும்போது எடுப்பார்.

"எல்லாம் நானே பண்ணினது" என்பார் சார். இந்த "நானே"வில் வெல்டர் ஒருவர், மச்சான் பையன், எலக்ட்ரீசியன், இஸ்திரி வண்டிக்காரர் ஆகியோர் அடக்கம். சென்னைப் பக்கம் பேனல் தெற்குப் பார்த்து 13 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும் என்று வெல்டரிடம் அரைமணி நேரம் விளக்கினார். "டிகிரி எல்லாம் வேணாம் சார். பின்கால் எத்தனை இஞ்ச் தூக்கணும், அதைச் சொல்லுங்க." சார் உள்ளே போய், பத்தாம் வகுப்புக்குப் பிறகு தொடாத சைன் அட்டவணையைத் தேடி எடுத்து, ஏழரை அடிப் பேனலுக்குக் கணக்குப் போட்டு, வேர்வையோடு வெளியே வந்து "இருபது" என்றார். "நானும் அதான் நெனச்சேன்" என்றார் வெல்டர்.

பேனல் மாடி ஏறிய நாளைத் தெரு இன்னும் பேசுகிறது. 550 வாட் பேனல் ஒன்று கிட்டத்தட்ட 28 கிலோ. எடை ஒரு பிரச்சினையே இல்லை. அது படிக்கட்டில் திரும்பாது. முதல் திருப்பத்தில் இரண்டு பேர் மேலே, இரண்டு பேர் கீழே, நடுவில் கண்ணாடி. "தூக்கு தூக்கு", "சாய்ச்சுப் பிடி", "சுவர் சார் சுவர்!" கடைசியில் வந்த வழியே இறக்கி, வீட்டில் அன்றுதான் பிரித்த புதுப் பெட்ஷீட்டில் சுற்றி, கைப்பிடிச் சுவர் வழியாகக் கயிறு கட்டி இழுத்தார்கள். எதிர் வீட்டுப் பால்கனியில் காபி டம்ளரோடு நின்றவர்கள் எல்லோரும் இன்ஜினீயர் ஆனார்கள். நான்கு பேனலும் உடையாமல் மேலே போய்ச் சேர்ந்தன. பெட்ஷீட் இன்றைக்கும் மாடியில்தான் இருக்கிறது. காரணம் உண்டு: பேனலுக்கு சுவிட்ச் கிடையாது. வெளிச்சம் பட்டால் கம்பியில் மின்சாரம் இருக்கும். அதுவும் டிசி. ஏசி நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால் பொறி சீக்கிரம் அணைந்துவிடும். டிசி பிடித்தால் விடாது. ஆகவே கனெக்டரைத் தொடுவதற்கு முன்னால் சார் பேனலைப் போர்த்திவிடுவார். வெயிலில் ஒரு மனிதர் இரும்புச் சட்டத்துக்குப் போர்வை போர்த்துவதை முதன்முதலாகப் பார்த்த கீரைக்காரம்மா அந்தத் தெருவுக்கே இரண்டு நாள் வரவில்லை.

மாட்டி முடித்த பிறகுதான் அசல் குணம் தெரிந்தது. முப்பது வருஷம் ஈபியைத் திட்டிய மனிதர் இப்போது தாமே ஈபி. பகல் பதினொன்றிலிருந்து இரண்டு வரைதான் கிரைண்டர். மேகம் வந்தால் மிக்ஸி கூடாது. ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி மூன்றுக்கும் நிரந்தரத் தடை. (ஐன்ஸ்டைனுக்கு 1921-ஆம் ஆண்டு நோபல் கிடைத்தது சார்பியலுக்கு அல்ல, ஒளிமின் விளைவுக்கு என்று இஸ்திரி வண்டிக்காரருக்கு விளக்கினார் சார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நம்ம பெட்டி இதுல ஓடுமா சார்?" என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.) மாதம் ஒரு ஞாயிறு பேனல் கழுவும் நாள். முதல் நாள் இரவே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும்: "பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 7 முதல் 9 வரை மின்தடை." அமெரிக்காவில் இருக்கும் மகள் அதற்குக் கட்டைவிரல் போடுவாள்.

நிழல் என்றால் ஆகாது. தண்ணீர்த் தொட்டியின் நிழல் ஒன்பது மணிக்கு எங்கே, மூன்று மணிக்கு எங்கே என்று தளத்தில் சாக்பீஸ் கோடுகள். பேனல்கள் வரிசையாகக் கோத்தவை. ஒன்றின் மேல் நிழல் விழுந்தால் மொத்த வரிசையும் இளைக்கும். பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை ஒன்று எட்டிப் பார்த்ததற்கு, மரமேறிக்குக் கூலியைத் தாமே தருவதாகச் சொல்லி அனுப்பினார். கொடிக்கயிறு போயிற்று. வடாம் பிழியும் இடம் போயிற்று. வீட்டம்மா அதைக்கூடப் பொறுத்தார். கத்திரி வெயிலில் சார் முகம் வாடிப் போய்க் கீழே இறங்கி, "சூடு ஜாஸ்தி, உற்பத்தி குறைஞ்சு போச்சு" என்றபோதுதான் பொறுக்கவில்லை.

"வெயில் ஜாஸ்தியானா ஓடாத சோலாரா? என் வடாமுக்கு இருக்கிற சூடு சொரணைகூட அதுக்கு இல்லையே!"

பேனலின் கணக்கு 25 டிகிரிக்கு; அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3, 0.4 சதவீதம் என்று குறையும். பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை என்றெல்லாம் சார் சொன்னார். பேச்சை மாற்ற, "இருபத்தஞ்சு வருஷம் வாரண்டி தெரியுமா?" என்றும் சேர்த்தார். "உங்களுக்கு?" என்றார் அந்த அம்மா.

இதற்கிடையே பக்கத்து வீட்டுக்காரர் சத்தமில்லாமல் மானியத்துக்கு விண்ணப்பித்தார். ஒரு காலை வந்த பையன்கள் சாயங்காலத்துக்குள் மாட்டிவிட்டுப் போனார்கள். வோல்ட் எது, வாட் எது என்று அவருக்கு இன்றும் தெரியாது. அது சாரை ரொம்ப உறுத்தியது.

பிறகு ஒரு வியாழக்கிழமை, காலை ஒன்பது முதல் இரண்டு வரை தெரு முழுக்க மின்தடை. உச்சி வெயில். பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். "சார், சூரியன் சுடுது, என் சோலார் செத்துக் கிடக்கு!" இத்தனை நாள் காத்திருந்த நிமிஷம் அது. சார் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பேட்டரி இல்லாத அந்த வகை இன்வெர்ட்டர் ஈபி லைன் செத்தால் தானும் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் இவர் மாடிக் கரண்ட் கம்பியில் ஏறிக் கம்பத்தில் இருக்கும் லைன்மேனை அடிக்கும் என்று ஆதியோடந்தமாகச் சொன்னார். "நம்மது அப்படி இல்ல. தனி ராஜ்யம். ஃபேன் ஓடுது பாருங்க. வீட்ல எல்லாரையும் வரச் சொல்லுங்க."

வந்தார்கள். ஏழெட்டு போன்கள் சார்ஜ் ஏறின. மூன்றாவது வீட்டம்மா ஊறவைத்த அரிசியோடு வந்து கிரைண்டரைப் போட்டார். சாரின் மனைவி இதுதான் சமயம் என்று வாஷிங் மெஷினைத் தட்டினார். யாரோ ஒரு புண்ணியவான் தொட்டி நிறையட்டும் என்று மோட்டார் சுவிட்சையும் அழுத்தினார். இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது. ஃபேன் மெல்ல நின்றது.

சார் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினார். பத்து நிமிஷம் ஆயிற்று. கீழேயிருந்து மனைவி குரல் கொடுத்தார்: "ஏங்க, கரண்ட் எப்ப வரும்?"

மேலேயிருந்து பதில் வந்தது: "லைன்ல ஆள் இருக்கு! அரை மணி நேரம் ஆகும்!"