ஈசியில எட்டிப் பாத்தயா கண்ணு?

அப்பன் விட்டுட்டுப் போன எடத்துல பனியன் கம்பெனி கட்டப் போறயாமா கண்ணு? நெம்பச் சந்தோசம். வாஸ்துக்காரரு வந்து, கன்னி மூலையில கனமான மெசினு போடச் சொல்லிட்டாராமா. ட்ரோனு பறக்க விட்டு வீடியோவும் எடுத்தாச்சாமா. எல்லாஞ் செரி. வில்லங்கம் போட்டுப் பாத்தயா?

பாத்திருக்க மாட்டே. லோனு கேட்டுப் போன எடத்துல பேங்கு வக்கீலு ஈசிய, அதான் வில்லங்கச் சான்றிதழ, விரிச்சு வெச்சு, "உங்கப்பாரு பத்திரத்த ஒப்படைச்சு வாங்கின கடன் இன்னும் நிக்குதே"ன்னு கேட்டப்பறந்தான் முழி பிதுங்குது. "எங்கப்பாரு எப்பவோ கட்டிட்டாருங்க"ன்னு குதிக்கறே. கட்டியிருப்பாரு, நாணயமான மனுசன். கட்டின சேதிய சார்பதிவாளர் ஆபீசுக்கு ஆரு சொன்னது? காக்கா போய்ச் சொல்லுச்சா?

ஒரு டி-சர்ட்டுல பிசிறு வெட்ட ஆளு, செக்கிங்குக்கு ஆளுன்னு வெச்சிருக்கற ஊரு நம்ம திருப்பூரு. நூலு தொங்கினா பீசைத் தூக்கி எறியறீங்க. கோடி ரூவா எடத்துல தொங்கற பிசிறு மட்டும் ஒருத்தன் கண்ணுலயும் படாதாக்கும்?

பேங்குல கடன் பைசல்னு ஒரு கடுதாசி வாங்கி பீரோவுல வெச்சுப்போட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனப்பு. முடியல சாமி. பேங்கு ஆபீசரு ரசீது பத்திரத்துல கையெழுத்துப் போட்டு, சார்பதிவாளர் ஆபீசுல அதப் பதியோணும். பதிஞ்சாலும் பழைய வரி அழியாது. கடன் தீந்துதுன்னு சொல்ற ரசீது ஈசியில தனி வரியா ஏறும். அதுதான் வேணும்.

"அந்த பேங்கையே இப்பக் காணோமுங்களே"ங்கறயா? பேங்கு செத்தாலும் அதுக்கும் வாரிசு உண்டு. பேங்க் ஆப் மதுரா 2001-ல ஐசிஐசிஐக்குள்ள போச்சு. நம்ம கரூரு லட்சுமி விலாஸ் 2020-ல டிபிஎஸ் ஆச்சு. அதே வருசம் சிண்டிகேட்டு கனராவுக்குள்ள போச்சு. அந்தந்த வாரிசுகிட்டப் போயி, பழைய கடன் நம்பரோட எழுதிக் குடு. பத்திரத்துல கோயமுத்தூரு ஜில்லான்னு இருக்குதேன்னு பதறாதே. திருப்பூரு தனி மாவட்டமானதே 2009-ல தான்.

இன்னொரு மேதாவி சொல்றான், பன்னெண்டு வருசம் போனா அடமானம் தானா காலாவதியாம். கடன் குடுத்தவன் கேஸு போட்டு வசூலிக்கறதுக்குத்தான் அந்தப் பன்னெண்டு. அதுவும் பணம் குடுக்க வேண்டிய நாள்ல இருந்து எண்ணோணும். ஈசியில இருக்கற வரிக்கு வருசக் கணக்கெல்லாம் தெரியாது. 2006-ல கூட்டுறவு விவசாயக் கடனத் தள்ளுபடி பண்ணினாங்களே, அப்பவும் நெறையப் பேரு இதே நெனப்புலதான் தூங்கினாங்க. தள்ளுபடி கடனுக்கா, ஈசிக்கா?

அப்பறம் உன்ற போன்ல ஒரு வீடியோ ஓடுதே, பத்திரம் குடுக்க லேட்டானா தெனம் 5,000 ரூவா பேங்கு தரோணும்னு. நெசந்தான். ரிசர்வ் பேங்கு 2023 செப்டம்பர்ல சொல்லிச்சு. கடன் தீந்து 30 நாளுக்குள்ள பத்திரத்தையும் குடுத்து, பதிவான வில்லங்கத்தையும் நீக்கோணும். கடன் வாங்கினவரு செத்துட்டா வாரிசுக்கு எப்படிக் குடுக்கறதுன்னு வழிமுறையும் வெச்சிருக்கோணும். ஆனா அந்த வருசம் டிசம்பர் 1-ல இருந்து விடுவிக்க வேண்டிய பத்திரத்துக்குத்தான் அது. உங்கப்பாரு காலத்துக் கடனுக்கு 5,000 கேட்டு மேனேசர்கிட்ட எகிறினா, வர்ற ரசீதும் வராது. பையப் பேசு.

கடன் குடுத்தது பேங்கு இல்லாம ஊரு வட்டிக்காரரா இருந்தா அக்கப்போரு எச்சு. அவரு போயிட்டாருன்னா அவரு வாரிசுக அத்தன பேரும் கையெழுத்துப் போடோணும். பாக்கி இருந்து, கட்டப் போனா வாங்கிக்க மாட்டேன்னு மொறைச்சா, கோர்ட்டுல கட்டறதுக்கு 1882-ம் வருசத்துச் சொத்து மாற்றுச் சட்டத்துலயே வழி இருக்குது.

இதுக்கெல்லாம் முன்னாடி, நீதான் வாரிசுன்னு நீ காட்டோணுமே? தாசில்தார்கிட்ட வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடு. அதுல உங்கக்கா பேரும் வரும். "கட்டிக்குடுத்தாச்சே, அவளுக்கென்ன"ன்னு இழுக்காதே. அப்பன் சம்பாதிச்சு, உயிலு எழுதாம விட்டதுல பொண்ணுக்கும் சரிபங்குன்னு 1956-லயே சட்டம் சொல்லிப்போட்டுது. வாஸ்துக்காரர்கிட்ட அப்பறம் பேசிக்கலாம், மொதல்ல அக்காளுக்குப் போனப் போடு.