பெயின்ட்டைப் பார்க்காதே, புகையைப் பார்!

கேள்வி: பழைய கார் ஒன்று பேசி வைத்திருக்கிறேன். பெயின்ட் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. மெக்கானிக்கைக் கூட்டிப்போய்க் காட்டத்தான் வேண்டுமா?
– வாசகர், சிவகாசி

பதில்: ஊர் உலகத்துக்கே பளபள லேபிள் அச்சடித்து அனுப்புகிற நீங்களே லேபிளைப் பார்த்து மயங்கலாமா? மெக்கானிக் கூலிக்குக் கணக்குப் பார்க்காதீர்கள். விற்பவர் காட்டும் மெக்கானிக் மட்டும் வேண்டாம். அது பெண் வீட்டாரே இரண்டு ஜாதகத்துக்கும் பொருத்தம் பார்த்துச் சொல்வது போல. இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கலர் கலராய்ப் புகைவது உங்கள் ஊர்ச் சரக்குக்குத்தான் அழகு.

கேள்வி: தூத்துக்குடி கார், அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், சாத்தூர்

பதில்: 2023 டிசம்பரில் தூத்துக்குடியை மூழ்கடித்த வெள்ளம் மறந்துவிட்டதா? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள்; சேற்றுக் கறை சாட்சி சொல்லும். கார்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். சென்ட் வாசனை தூக்கலாக இருந்தால் இன்னும் உஷார்!

கேள்வி: மீட்டர் 40,000 கிலோமீட்டர்தான் காட்டுகிறது. நம்பலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: மீட்டர் சொல்வதை சர்வீஸ் ரெக்கார்டும் சொல்ல வேண்டும். டயரின் வயதும் அந்தக் கணக்கோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்: டயரில் 2319 என்றிருந்தால், 2019-ன் 23-வது வாரம் தயாரானது. மீட்டர் சரியாக இருந்தாலும், ஆர்.சி.யில் கடன் இருந்தால், வங்கியின் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் வராமல் பணத்தை எண்ணாதீர்கள். வாங்கியதும் 29, 30 படிவங்களைக் கொடுத்துப் பெயரை மாற்றுங்கள். அதுவரை உங்கள் வாசலில் நிற்பது அடுத்தவர் கார்தான்.