செம்பைக் கீறாத சோடா

கேள்வி: ஆப்ப சோடாவைப் பீய்ச்சியடித்துப் பெயின்ட்டை உரிக்கலாமாமே, நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். நியூயார்க் சுதந்திர தேவி சிலையின் செப்புத் தகடு 2.4 மில்லிமீட்டர்தான். 1980களில் அதைப் புதுப்பித்தபோது, உட்புறப் பெயின்ட்டைத் திரவ நைட்ரஜனால் உதிர்த்தார்கள். அடியில் அப்பியிருந்த தாரைச் சோடாதான் பெயர்த்தது. மோஸ் அளவில் மணலின் கடினம் 7, செம்பு 3, சோடா சுமார் 2.5. மோதியதும் தானே நொறுங்கிவிடுவதால் சோடா செம்பைக் கீறாது. அப்படியானால் துருவுக்கும் அதுவே போதுமே என்பீர்கள். கெட்டித் துருவிடம் அதன் பாச்சா பலிக்காது. தீங்கே இல்லை என்பதும் சரியல்ல. சிலையின் துளைகள் வழியே வெளியே கசிந்த சோடா பச்சைப் படலத்தின் நிறத்தைக் கெடுத்ததால், உடனுக்குடன் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டியிருந்தது. கார் பாடியில் பெயின்ட்டை உரித்தாலும் அந்தத் தூளைச் சுத்தமாகக் கழுவித் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் புதுப் பெயின்ட் சரியாகப் பிடிக்காது.