சாப்பாட்டுக் கங்காணி

பத்தாம் தேதி தோட்டத்தில் சம்பளம் போட்டால், அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமை பதுளை பஸ் ஸ்டாண்டில் இவரைப் பார்க்கலாம். பசறை, மடுல்சீமை, லுணுகலை, ஸ்பிரிங்வெலி பஸ்கள் கொண்டுவந்து கொட்டுகிற கூட்டத்தில் அவசரப்படாத ஒரே ஆள் இவர்தான். மழை இல்லாவிட்டாலும் கையில் குடை, சட்டைப்பையில் பேனா. பின்னால் ஏழெட்டுப் பேர்: மச்சான், மச்சானின் பெண்சாதி, அவர்களுடைய பிள்ளைகள், பக்கத்துக் காம்பராக் கிழவி, காதுகுத்துக்குச் சேலை எடுக்க வந்த யாரோ. இறங்கியதும் குடை நுனியால் தலைகளை எண்ணுவார். எண்ணி முடித்து, "யாரும் கண்ட கடையில நுழைஞ்சிராதீங்க. நான் காட்டுறேன்" என்பார்.

தோட்டத்துக்கு ஒருவர் இப்படி உண்டு. பெரிய தோட்டமென்றால் டிவிசனுக்கு ஒருவர். சாப்பாட்டுக் கங்காணி என்பது நான் வைத்த பேர். அந்தக் காலத்து அசல் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் கட்டிக்கொண்டு வந்தார்கள். வேலைக்கு இறங்கிய தலைக்கு இவ்வளவு என்று தலைக்காசு வாங்கினார்கள். கடன் எழுதிய துண்டு கையில் இல்லாமல் ஒருவரும் தோட்டம் மாற முடியாதபடி பிடித்து வைத்தார்கள். துண்டு முறையை 1921 இல் சட்டம் போட்டு ஒழித்தாகிவிட்டது. நம்முடைய ஆளை ஒழிக்க இன்னும் சட்டம் வரவில்லை. தலைக்காசு இவருக்கும் உண்டு. எட்டுப் பேரைக் கூட்டிப்போய் உட்கார வைத்தால் இவர் குடித்த பிளேன்டீ பில்லில் ஏறாது. கல்லாவில் முதலாளி இலேசாகத் தலையை ஆட்டுவார், பையன் எழுதமாட்டான், கங்காணி அந்த நேரம் பார்த்துச் சுவரிலுள்ள சாமி கலண்டரைப் படித்துக்கொண்டிருப்பார். கடன் கணக்கும் உண்டு. "போன தீபாவளிக்கு ஒங் புள்ளைக்கு மூணாவது தடவ சாம்பார் ஊத்தச் சொன்னது யாரு? நாந்தானே!" என்று வருஷம் பிந்தியும் கேட்பார். சாம்பாருக்குக் காசு கொடுத்தவன் பதில் பேசாமல் நிற்பான்.

இந்த அதிகாரம் சும்மா வந்ததல்ல. பள்ளிக்கூடத்தை விட்ட வயதில் கொழும்புக்குப் போய், சாப்பாட்டுக் கடையொன்றின் பின்கட்டில் தட்டுக் கழுவியவர் அவர். பிறகு தோட்டத்துக்கே திரும்பி ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், வேலை பார்த்து ஓய்வு பெற்றாலும், கடையைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கிற பழக்கம் போகவில்லை. எல்லோரும் முன்வாசலால் நுழையும்போது இவர் கை கழுவுகிற சாக்கில் சமையற்கட்டு வரை ஒரு நடை போய்வருவார். திரும்பி வந்து உட்கார்ந்ததும், சத்தம் போடாமல் தீர்ப்பு வரும். "பருப்பு நேத்து வச்சது. தோசை சொல்லுங்க."

கடைகளின் பெயர்ப்பலகைகளை அவர் மதிப்பதில்லை. பதுளையில் முதலாளி மாறினால் பலகை மாறும், பலகை மாறினால் பல்ப் கூடும், இவருக்கு மட்டும் எதுவும் மாறாது. வெலேகடேப் பழைய மார்க்கட், அதுதான் அந்த வெள்ளைக்காரன் காலத்து எட்டு மூலைக் கட்டடம், அதைத் தாண்டி, முன்னே தையல்காரர் இருந்த சந்துக்குள், சின்ன வயதில் அவர் வடை வாங்கித் தின்ற வாசலுக்கு நேர் எதிரே என்று வழி சொல்வார். தையல்காரரும் இல்லை, வடையும் இல்லை, வாசலை அடைத்துச் செல்போன் கடை வந்துவிட்டது. ஆனாலும் அவர் பின்னால் போனால் சரியாகச் சாப்பாட்டு மேசையில் போய் இடிப்போம்.

விலையை அவர் ரூபாயில் பேசமாட்டார். பேரில்தான் பேசுவார். தோட்டத்தில் ஒரு நாள் வேலை ஒரு பேர். பாதி வேலை அரைப்பேர். கோழிக் கொத்து அரைப்பேர், புரியாணி முக்காப்பேர், இரண்டு ரோல்ஸும் பால் டீயும் "பெரட்டுக்கு வந்து போற காசு", அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில் தலையைக் காட்டிவிட்டுப் போகிற காசு. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டுமென்று வருஷக்கணக்காகக் கேட்டு, 2021 இல் அது வந்தது. 2024 இல் 1,350 ஆனது. இரண்டு தடவையும் லயத்தில் எல்லோரும் சந்தோஷப்பட்டபோது கங்காணி டவுனுக்குப் போய்வந்து அறிக்கை கொடுத்தார்: "கொத்து அப்பிடியே அரைப்பேர்லதான் நிக்குது. நம்ம ஏறுனா அதுவும் கூடவே ஏறுது." பொருளாதாரம் படித்தவர்கள் இதைச் சொல்ல நாற்பது பக்கம் எடுத்துக்கொள்வார்கள்.

கிழமைக்கு ஏற்றாற்போல் அவரிடம் ஒரு பஞ்சாங்கமும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை என்றால் சைவக் கடை, பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முஸ்லிம் கடைப் புரியாணி, ஆனால் பன்னிரண்டரைக்கு முன்னால் போய்விட வேண்டும். பிந்தினால் சட்டிக்கு அடியில் கிடக்கிற சோறுதான் வரும். போயா தினத்தில் சாராயக் கடையும் இறைச்சிக் கடையும் பூட்டியிருக்கும். முதியங்கனை விகாரைப் பக்கம் வெள்ளை உடுத்திய கூட்டம் போய்க்கொண்டிருக்கும். அன்றைக்குச் சிங்களப் பேக்கரியில் மாலு பணிஸ் சுடச்சுட வெளிவருகிற நேரம் அவருக்குத் தெரியும். "மீனு எறைச்சியில சேத்தியா மாமா?" என்று யாராவது கேட்டால், "அத பணிசுக்குள்ள எத்தன மீன் இருக்குன்னு பாத்துட்டுக் கேளு" என்பார்.

முதன்முதலாக டவுன் கடைக்கு வருகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் படுகிற பாட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். நம் நாட்டுத் தேத்தண்ணிக் கடைகளின் வழக்கம் தெரிந்ததுதானே: உட்கார்ந்தவுடன், கேட்காமலே, ரோல்ஸ், பற்றிஸ், வடை, ரொட்டி என்று ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். எடுத்ததற்கு மட்டும் காசு. மிச்சம் திரும்பிப் போய் அடுத்த மேசையில் உட்காரும். லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இது எங்கே தெரியும்? தட்டில் வைத்ததை மிச்சம் வைத்தால் அம்மா அடிப்பாள் என்றுதான் தெரியும். ஒரு ஞாயிறு, மச்சானின் நடுப்பயல் அழுகிற நிலையில் கடைசி வடையைத் திணித்துக்கொண்டிருந்ததைக் கங்காணி கண்டார். "ஏண்டா, வயிறு வெடிச்சிறப் போகுது!" "வச்சத மிச்சம் வைக்கக் கூடாதில்ல மாமா..." அன்றைய பில் இரண்டு பேருக்கு மேல். அப்போதிருந்து, தட்டு வந்து மேசையைத் தொடுமுன் அவர் கை நீட்டிப் பாதியைத் திருப்பி அனுப்பிவிடுவார். அடுத்து, ரோல்ஸ் ஒவ்வொன்றையும் கண்ணால் எடை போடுவார். பருத்தது உருளைக்கிழங்கு, வளைந்தது நேற்றையது.

கொத்து ரொட்டியின் தகட்டுச் சத்தத்தைப் பற்றி எழுதாத பத்திரிகைக்காரர் இலங்கையில் இல்லை. கங்காணி அந்தச் சங்கீதத்துக்கெல்லாம் மயங்குகிறவரல்ல. காலையில் விற்காத ரொட்டி மாலையில் எங்கே போகிறது என்பது தட்டுக் கழுவியவருக்குத் தெரியும். ரொட்டி அடுக்கைப் பார்ப்பார். ஓரம் காய்ந்திருந்தால், "சத்தம் நல்லாத்தான் இருக்கு, கேட்டுட்டுப் போவோம்" என்று நடையைக் கட்டுவார்.

அதோடு, ரொட்டி என்ற பேச்சே அவருக்குப் பிடிக்காது. காலையில் ரொட்டி, மலைக்குக் கட்டிக்கொண்டு போவது ரொட்டி, மாசி சம்பல் இருந்தால் இராத்திரிக்கும் ரொட்டி. இதற்காக ஒருவன் டவுனுக்கு வருவானா? எல்லயில் ஒரு விடுதிச் சமையற்கட்டில் வேலை செய்கிற மருமகன் பெருமையாக அவரை அங்கே கூட்டிப்போனான். ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு வெள்ளைக்காரர்கள் தேங்காய் ரொட்டி தின்கிறார்கள். நம்முடைய அதே கோதுமை மா ரொட்டி, மேலே வாழைப்பழமும் தேனும். விலைப் பட்டியலை மருமகன் வாசித்துக் காட்டினான். கங்காணி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். "ரெண்டு பேர் வேல செஞ்ச காசு ஒரு ரொட்டிக்கா? ஒங் அத்தை தினமும் பன்னெண்டு சுடுறாளேடா. நம்ம காம்பராவுல கோடிக்கணக்குல சொத்து இருக்கு, தெரியாமப் போச்சு." பண்டாரவளையில் 1893 இலிருந்து இருக்கிற துரைமார் காலத்து ஹோட்டலுக்குள் அவர் போனதில்லை. அங்கே என்ன நல்லா இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்.

தேத்தண்ணியில் மட்டும் அவரை யாரும் திருப்திப்படுத்தியது கிடையாது. நியாயம்தான். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை கச்சான் காற்று அடிக்கும்போது ஊவாத் தேயிலைக்கு ஒரு வாசம் ஏறும். கொழும்பு ஏலத்தில் அந்த வாசத்துக்குத்தான் விலை. மெதில் சலிசிலேட் என்று அதற்கு ஒரு பேர் சொல்கிறார்கள். அப்பாயியின் முழங்காலுக்குத் தேய்க்கிற தைலத்தில் இருப்பதும் அதுவேதான். லிப்டன் துரை 1890 இல் வந்து தம்பேதன்னையை வாங்கியதிலிருந்து உலகமெல்லாம் குடிக்கிற தேயிலை, அது விளைகிற மாவட்டத்தின் தலைநகரத்தில் ஒரு கிளாஸ் கிடைக்காது. கடையில் போடுவது டஸ்ட். அதையும் நாலு தடவை கொதிக்க வைத்து, சீனியைக் கொட்டி, பால்மாவை அடித்து நுரை தள்ளிக் கொடுப்பார்கள். ஒரு மிடறு குடித்துவிட்டுப் பையனைக் கூப்பிடுவார். "தம்பி, இதுல தேயில போட்டீங்களா, இல்ல ஸ்டோர கூட்டுன தூசியா?" பிறகு முழுவதையும் குடித்துவிடுவார். தலைக்காசை வீணாக்க முடியுமா?

2022 அவருக்குக் கெட்ட வருஷம். கேஸ் இல்லாமல் கடைகள் பூட்டிக் கிடந்தன, பால்மா காணாமல் போனது, பால் டீ 100 ரூபாயைத் தொட்டது. அப்போதும் டவுனுக்கு வந்தார். பூட்டிய கடைகளின் முன்னால் நின்று, "இந்தக் கடையில தோசை..." என்று பழைய கதை சொல்லி, கூட்டிவந்த ஆட்களைப் பசியோடு திருப்பிக் கூட்டிப்போனார். அன்றைக்கும் குடை நுனியால் எண்ணத் தவறவில்லை.

இவ்வளவு ருசி பேசுகிறவர் கடைசியில் கூட்டிப்போகிற கடை, உண்மையைச் சொன்னால், சுமார்தான். நெடுநாள் எனக்கு இது புரியவில்லை. பக்கத்துத் தெருவில் நல்ல சாம்பார் இருக்க, இங்கே ஏன்? பிறகு அவர் உட்காருகிற இடத்தைக் கவனித்தேன். எப்போதும் ஒரே நாற்காலி. அங்கிருந்து பஸ் ஸ்டாண்டின் மடுல்சீமைப் பக்கம் தெரியும். கடைசி பஸ்ஸை விட்டால் ஆட்டோவுக்குக் கொடுக்கிற காசில் ஒரு வாரப் பேர் போய்விடும். அரிசிப் பையையும் புதுச் சேலைப் பொதியையும் மேசைக்கடியில் வைத்தால் இந்த முதலாளி முகம் சுளிக்கமாட்டார். பொம்பளைகள் போவதற்கு உள்ளே கக்கூசு இருக்கிறது, அதற்குத் தாழ்ப்பாளும் இருக்கிறது. பையன் தமிழில் கேட்டால் தமிழில் பதில் சொல்வான். எட்டுப் பேருக்கு ஆறு சாப்பாடு சொன்னாலும் தட்டு எட்டு வரும். சாம்பார் கொஞ்சம் தண்ணிதான். அதைப் போய் இவரிடம் சொல்லிப் பாருங்கள், "மெளகு தூக்கலாப் போட்ட பக்குவம் அது, ஒங்களுக்குத் தெரியாது" என்பார்.

பில்லை யார் கட்டுகிறார்கள் என்பதைச் சொல்லவில்லையே. கூட்டத்தின் கடைசியில், பொதியைத் தூக்கிக்கொண்டு வருகிற கங்காணியின் சம்சாரம்தான். மலையில் கொழுந்தெடுத்துப் பேர் சேர்ப்பது அவள். கூடைக்கயிறு பதிந்த நெற்றியும் கொழுந்துக் கறை போகாத விரல்களுமாக, இடுப்பில் செருகிய சின்னப் பேர்ஸிலிருந்து நோட்டை எடுத்து, கங்காணியின் கையில் யாரும் பார்க்காமல் வைப்பாள். அவர் எல்லோரும் பார்க்கக் கல்லாவில் வைப்பார். எந்தக் கடை பிடிக்கும் என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. மச்சானின் பெண்சாதி ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"எந்தக் கடையா இருந்தா என்ன புள்ள? நான் உக்காந்திருக்கணும், வேற யாராவது கொண்டாந்து வைக்கணும். ரொட்டி மட்டும் வேணாம்."

அன்றைக்கு அந்தி சாய்ந்து, வாசலில் ஆப்பச்சட்டி அடுப்பில் ஏறிவிட்டது. அவள் ஒரு முட்டை ஆப்பம் தின்றாள். ஓரத்து மொறுமொறுப்பை முதலில் உடைத்துத் தின்று, மஞ்சள் கருவைக் கடைசிக்கு வைத்திருந்தாள். தட்டு காலியானதும் பையனைப் பார்த்து இன்னொன்று என்று விரலைக் காட்டினாள். கங்காணி நாற்காலியில் நெளிந்தார். மடுல்சீமைப் பஸ் எஞ்சினைப் போட்டுவிட்டது.

"ஏய், எந்திரி. பஸ் எடுக்கப் போறான்."

"அடுத்ததுல போவோம்."

"அடுத்தது கெடையாதுடி. இதுதான் கடேசி."

அவள் இரண்டாவது ஆப்பத்தின் ஓரத்தை நிதானமாக உடைத்தாள். "அப்ப ஆட்டோ புடிங்க. இத்தன வருசமா ஓசியில குடிச்சீங்களே தேத்தண்ணி, அந்தக் காசெல்லாம் சேத்துத்தானே வச்சிருப்பீங்க?"

மச்சானும் மச்சான் பெண்சாதியும் பக்கத்துக் காம்பராக் கிழவியும் எழுந்திருக்கவில்லை. கிழவி தனக்கும் ஒன்று சொன்னாள். பையன் கங்காணியைப் பார்த்து, "மாமா, ஒங்களுக்கு பிளேன்டீயா?" என்று கேட்டான்.

"ஆப்பம் கொண்டா" என்றார் கங்காணி. "எழுதிக்க."