இரண்டு இறந்தகாலங்களின் நாட்டிலிருந்து

ஈஸ்ட் ஹாம், லண்டன்.

மதிப்பிற்குரிய பெரியப்பா அவர்களுக்குத் தங்கள் தம்பி மகன் வணக்கத்துடன் எழுதும் கடிதம்.

காலம் மூன்று என்று தொல்காப்பியர் வகுத்ததைப் பல தலைமுறை மாணவர்களுக்குக் கற்பித்த தங்களுக்கு இச்செய்தி வருத்தம் தரலாம். எனினும் பிரிட்டனில் குடியேறும் தமிழர், குளிரையும் வாடகையையும் ஒருவாறு தாங்கிக்கொண்ட பின்பும், இறந்தகாலம் இரண்டாகப் பிரிந்து நிற்கும் இடத்தில் தடுமாறி விழுவது இங்கு அன்றாட நிகழ்ச்சியாகும். நடந்து முடிந்து, நிகழ்காலத்தோடு கணக்குத் தீர்ந்த செயலைச் சொல்வது 'சிம்பிள் பாஸ்ட்'. 'ஹேவ்' அல்லது 'ஹேஸ்' என்னும் துணைவினையோடு வினையின் மூன்றாம் வடிவம் சேர்ந்து, நடந்த செயலுக்கும் இன்றைய நிலைக்கும் உள்ள தொடர்பைச் சொல்வது 'பிரசென்ட் பெர்ஃபெக்ட்'.

தமிழில் 'நேற்று மாமா வந்திருக்கிறார்' என்பதற்கு எவரும் முகம் சுளிப்பதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் 'ஹேஸ் கம்' என்பதற்குப் பின்னால் 'எஸ்டர்டே' வருமானால், மிகுந்த நாகரிகம் உடைய ஆங்கிலேயரும் ஒரு கணம் கண்ணை மூடித் திறப்பார். முடிந்துபோன காலத்தைக் குறிக்கும் சொல், நிகழ்காலத்தைத் தொட்டு நிற்கும் வினையோடு ஏன் இணங்குவதில்லை என்பது மொழியியலாளர்களுக்கே எளிதாக விளங்கவில்லை என்பதும், ஜெர்மானிய அறிஞர் வோல்ஃப்காங் க்ளைன் 1992-இல் இதனைப் புதிர் என்றே தலைப்பிட்டுக் கட்டுரை எழுதினார் என்பதும் குடியேறியோருக்குச் சிறிது ஆறுதல். காபி அருந்துவதற்குக்கூட இவ்விதி பொருந்தும்: 'இன்று காலை காபி குடித்தாயிற்று' என்பதைப் பத்து மணிக்குச் சொல்பவர், காலைப்பொழுது இன்னும் கழியாததால், பிரசென்ட் பெர்ஃபெக்டில் சொல்லலாம், அதே காபியைப் பிற்பகல் மூன்று மணிக்கு நினைவுகூர்பவர் சிம்பிள் பாஸ்டுக்கு இறங்க வேண்டும். ஆறிப்போவது காபி மட்டுமன்று, அதன் வினைச்சொல்லும்தான்.

இடர் பெரிதாவது மருத்துவரின் அறையில். மூன்று நாளாக வயிறு வலிக்கிறது என்று சொல்ல எண்ணி, 'ஐ ஹேட் பெயின் ஃபார் த்ரீ டேஸ்' என்று சிம்பிள் பாஸ்டில் முறையிடும் நோயாளியிடம், மருத்துவர் முகமலர்ச்சியோடு, வலி நீங்கியது குறித்து மகிழ்ச்சி தெரிவிக்கக்கூடும். வலி இன்னும் உள்ளே இருப்பதை 'ஹேவ் ஹேட்' என்ற இரட்டை வினைதான் தெரிவிக்கும் என்பதை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நினைவுபடுத்திக்கொள்வது அத்தனை எளிதன்று.

இதனினும் நுட்பமானது வசிப்பிடம் பற்றிய உரையாடல். தொடங்கி இன்னும் தொடரும் செயலைத் தமிழ் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடும்: 'மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன்.' அவ்வழக்கத்தில் தமிழர் 'ஐ ஆம் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்' என்று கூறும்போது, கேட்கும் ஆங்கிலேயர், இவர் மொத்தம் மூன்றாண்டு தங்கிவிட்டு மூட்டை கட்டும் திட்டத்தோடு வந்திருக்கிறார் என்று பொருள் கொள்கிறார். கழிந்த ஆண்டுகளைச் சொல்ல 'ஹேவ் பீன்' வேண்டும். வீட்டு உரிமையாளரிடம் இப்பிழையைச் செய்பவர், வாடகை ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமைக்குக் காரணம் தம் சாம்பார் வாசனை என்று வீணாக ஐயுறுகிறார்.

பிரசென்ட் பெர்ஃபெக்டின் மற்றொரு நிபந்தனை, எழுவாய் பெரும்பாலும் உயிரோடிருக்க வேண்டும் என்பது. 'காந்தியடிகள் லண்டனுக்கு வந்திருக்கிறார்' என்பது தமிழில் குற்றமற்ற வாக்கியம். அதனை அப்படியே ஆங்கிலமாக்கினால் அவர் இன்னும் ஒருமுறை வரக்கூடும் என்ற தொனி எழும். இரண்டாம் வட்டமேசை மாநாட்டுக்காக 1931-இல் வந்தபோது, கிழக்கு லண்டனின் போ பகுதியிலுள்ள கிங்ஸ்லி ஹாலில் அவர் தங்கினார். அக்கட்டடத்தின் சுவரிலுள்ள நீலப் பலகை இதனைச் சிம்பிள் பாஸ்டிலேயே அறிவிக்கிறது. புகழ்பெற்றோர் வாழ்ந்த வீடுகளில் பலகை பதிக்கும் இத்திட்டம் 1866-இல் தொடங்கியது. இன்றைய விதிப்படி ஒருவர் மறைந்து இருபது ஆண்டுகளாவது கழிந்த பின்னரே அவர் பெயர் பரிசீலிக்கப்படும். ஆகவே இந்நகரில் 'வாழ்ந்தார்' என்ற சிம்பிள் பாஸ்டைச் சுவரில் பெறுவதற்கு முதல் தகுதி இறந்திருப்பதாகும்.

இத்தனை பாடுபட்டுக் கற்றதை அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டு செல்லவும் வழியில்லை. 'சாப்பிட்டாயிற்றா' என்று வினவும் பிரிட்டானியர் 'ஹேவ் யூ ஈட்டன் எட்' என்பார். அமெரிக்கரோ பேச்சுவழக்கில் 'டிட் யூ ஈட் எட்' என்று சிம்பிள் பாஸ்டிலேயே முடித்துக்கொள்வதுண்டு. நியூ ஜெர்சிக்குச் சென்ற சின்ன அத்தை மகன் கவலையின்றிப் பருத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எனவே, தங்கள் தம்பி மகன் லண்டனில் எத்தனை ஆண்டு இருந்தான் என்று ஊரில் எவரேனும் கேட்டால், 'வாழ்ந்தான்' என்று சொல்லிவிட வேண்டாம் என்றும், 'வாழ்ந்து வருகிறான்' என்றே கூறும்படியும் பணிவுடன் வேண்டப்படுகிறது. நீலப் பலகைக்கு இப்போது அவசரம் ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
தங்கள் அன்புத் தம்பி மகன்